சாப்பிட்டது உடம்பில் ஒட்டாதவர்

சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லையென்றால் மதுரைக்கு வாருங்கள். கோபுரம் பார்க்க வருகிறவர்களுக்கு இவர்களை இனாமாகவே காட்டுகிறோம். ஆனால் இவர்களிடம் "சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் சாயங்கால ரயில் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

வடக்கு ஆவணி மூல வீதிக் கைலாசநாதன் இந்தக் கூட்டத்துக்குத் தலைவர். பெயருக்கு ஓர் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. நிஜமான உத்தியோகம் தம் வயிற்றைப் பார்த்துக்கொள்வதுதான். காலையில் எழுந்ததும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்து, தம் நாடியைத் தாமே பிடித்து, நேற்று ராத்திரி உள்ளே போன கத்தரிக்காய் எதுவரை வந்திருக்கிறது என்று வயிற்றைத் தட்டித் தட்டி யோசித்து, இஞ்சிச் சாறு, ஓமத் தண்ணீர், சோடா உப்பு மூன்றையும் முறை தவறாமல் உள்ளே அனுப்பி, பதிலுக்கு வருகிற ஏப்பத்தின் சுருதியைக் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் அன்றைய பொழுது விடியலாம் என்று உத்தரவு தருவார். ஏப்பம் வராவிட்டால்? அன்று வீட்டில் யாரும் உரக்கப் பேசக் கூடாது.

"ஆகாரமே செல்லறதில்லை ஓய்! ஏதோ பாலும் பழமுமா உசிரைப் பிடிச்சிண்டிருக்கேன்" என்பார். பொய் இல்லை. அரைப் படிப் பாலும் ஆறு சிறுமலை வாழைப்பழமும் பத்தியம். குழம்பு, ரசம், மோர் என்று மூன்று முறை சாதம் போட்டுக்கொள்வது அந்தப் பத்தியத்துக்குத் துணை.

இந்தப் பத்தியத்தைப் பதினெட்டு வருஷமாக நடத்தியவள் அவர் மனைவி நாகலக்ஷ்மி. வாங்குகிற பாலெல்லாம் அவருக்கு. பழச் சீப்பும் அவருக்கு. அவர் எழுந்த இலையிலேயே அவள் உட்கார்ந்து சாப்பிடுவாள்; அது அந்த வீட்டு வழக்கம். அவள் வர வர மெலிந்துகொண்டிருந்தாள். "என் உடம்பைப் பத்தின கவலை" என்று கைலாசநாதன் பெருமையோடு சொல்லிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் கோரிப்பாளையத்தில் விஸ்வேஸ்வரன் என்று ஒரு டாக்டர், சாப்பிட்டும் சத்து ஒட்டாத வியாதியை ஆராய்ச்சி செய்கிறார், இங்கிலீஷ் வைத்தியப் பத்திரிகையில் அதை எழுதவும் போகிறார் என்ற சேதி வந்தது. கைலாசநாதனுக்குத் தரையில் கால் பாவவில்லை. இத்தனை வருஷம் சீராட்டி வளர்த்த வயிறு அச்சில் ஏறப் போகிறது! லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாளே வைகைப் பாலத்தைத் தாண்டினார்.

டாக்டரின் முறை இதுதான்: மூன்று நாள், வாய்க்குள் போவதையெல்லாம் நிறுக்க வேண்டும், வெளியே வருவதையும் தகர டப்பாவில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். உள்ளே போன கொழுப்பு எவ்வளவு, ஒட்டாமல் திரும்பியது எவ்வளவு என்று பார்த்துவிட்டால் வயிறு பொய் சொல்ல முடியாது. சாப்பாட்டை நிறுக்கக் கம்பவுண்டர் கண்ணுச்சாமி தராசோடு வீட்டுக்கே வந்தார்.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கைலாசநாதன் ஜட்காவில் போனபோது, கூட ஏறிய ஆபீஸ் நண்பர் சுப்பராமன், "என்ன ஓய், உசிலம்பட்டி நெய்யா?" என்றார்.

"ஆராய்ச்சி."

"கொஞ்சம் காட்டுமே" என்று சுப்பராமன் மூடியைத் திறந்தார். மீதிப் பாலத்தை அவர் நடந்தே கடந்தார்.

இலையில் போட்டதை நிறுத்தால் மட்டும் போதாதே. மிச்சம் வைத்ததையும் நிறுத்துக் கழிக்க வேண்டும். முதல் நாள் மிச்சம் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் கண்ணுச்சாமி தராசைக் கீழே வைத்துவிட்டு நாகலக்ஷ்மியிடம் கேட்டார்.

"ஏம்மா, மூணு நாளாப் பாக்குறேன், ஐயா இலையில ஒரு பருக்கை கூட மிச்சமில்ல. நீங்களும் அதே இலையிலதான் உக்காருறீக. எம்புட்டுத்தான் சாப்பிடுறீக?"

"எனக்கென்ன, ரெண்டு வாய் மோர் சாதம். காரம் பட்டா நாக்கு எரியறது. சாப்பிட்டதும் வயித்தாலே போயிடறது."

"இது எம்புட்டு நாளா?"

"போன தீபாவளிக்கு முன்னேருந்து. அவருக்கே உடம்பு சரியில்லே. நானும் படுத்துண்டா யார் பால் காய்ச்சறது?"

கண்ணுச்சாமி உடனே போய் டாக்டரைக் கூட்டிவந்துவிட்டார்.

"நாக்கை நீட்டுங்கோ" என்றார் டாக்டர். கைலாசநாதன் நீட்டினார்.

"நீங்க இல்லை ஸார்."

நாகலக்ஷ்மி தயங்கித் தயங்கி நீட்டினாள். தோல் உரிந்து, ரத்தச் சிவப்பாய், வழவழவென்று இருந்தது அந்த நாக்கு. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே ரத்தமே இல்லை, சுண்ணாம்பு வெளுப்பு.

"நான் தேடிண்டிருக்கிற வியாதி இதுதான்" என்றார் டாக்டர். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா இவா பிழைச்சிருக்கமாட்டா."

"அப்போ, என் வயிறு?" என்று கேட்டார் கைலாசநாதன். கேட்டேவிட்டார்!

"ரெண்டு நாள் கணக்கிலேயே நூத்துக்குத் தொண்ணூத்தேழு பங்கு ஒட்டியிருக்கு. இப்பேர்ப்பட்ட வயிறு நான் பார்த்ததில்லை." டாக்டர் சீட்டு எழுதினார். "அம்மாவுக்கு இந்தக் கறுப்பு ஈஸ்ட் சாரம், ஒரு நாளைக்கு நாலு ஸ்பூன். ஆகாரம், பாலும் வாழைப்பழமும் மட்டும்."

பாலும் வாழைப்பழமும்! காலையிலும் மாலையிலும் தம் நாக்கை ஆராய்ந்தவர், ஒரே வீட்டில் இருந்த இன்னொரு நாக்கை அன்றுதான் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகையும் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு, ஏப்பம் என்று சமாளித்தார். அன்றிலிருந்து அவரே பழம் உரித்துக் கொடுத்தார். அவள் தின்று முடிக்கும்வரை எதிரே நின்றார். மூன்றாம் மாதம் அவள் ரசத்தில் மிளகு போட்டுச் சாப்பிட்டாள். ஐந்தாம் மாதம் வளையல் கையில் நின்றது.

பத்திரிகையும் வந்தது. மனிதர் மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். "மதுரை ஸ்திரீ, வயது முப்பத்தைந்துன்னு போட்டிருக்கே, அது எங்காத்து நாக்கு ஓய்!" என்று ஆபீஸ் முழுக்கக் காட்டினார். அடுத்த பக்கத்தை மட்டும் யாருக்கும் காட்டமாட்டார், மடித்து வைத்திருக்கிறார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பூரண ஆரோக்கியமுள்ள ஓர் ஆணின் விவரமும் அதில் அச்சாகியிருக்கிறது.

மடித்த பக்கத்தில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மடித்தவன் நான்தான். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன், வயிறு என்னுடையதே.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நாக்கைப் பற்றிப் படித்த இடத்தில் மெல்ல எழுந்து கண்ணாடிக்குப் போனீர்களே, அங்கே யார் நாக்கைப் பார்த்தீர்கள்?