கால் முளைத்த கத்தி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனை கம்பெனி இருக்கிறதோ அத்தனையிலும் விசாரித்துப் பாருங்கள், பிளேடு மாதிரி இன்னொரு மனுஷன் அங்கே வேலை பார்த்ததில்லை என்றுதான் சொல்வார்கள். பார்த்திருந்தால் அந்தக் கம்பெனியை மூடியிருப்பார்கள்.

மண்ணூரில் ஒரு மாடி ரூமில் நானும் அவனும் ஒன்றாகக் குடியிருந்தோம். அவனுக்குத் தூத்துக்குடிப் பக்கம். டூல் ரூமில் ஃபிட்டர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு, அது சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு அவன் பிளேடுதான். வாயைத் திறந்தால் மடக்குக் கத்தியைப் பற்றிப் பேசுவான். ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். கேட்கிறவன் கழுத்தில் ரத்தம் வராத குறை.

"அவன் நூறு வருஷத்துக்கு மேல கத்தி செய்யுதான். இல்லைங்கல. ஆனா யாருக்குச் செய்யுதான்?" என்று தொடங்குவான். 'அவன்' என்றால் சுவிட்சர்லாந்து, சிவப்புக் கைப்பிடியில் வெள்ளைச் சிலுவை போட்ட மடக்குக் கத்திக்குப் பேர்போன நாடு. ஒரு முழு நாட்டையே பக்கத்து ரூம்காரன் மாதிரி அவன் இவன் என்றுதான் பேசுவான். "கார்க் புடுங்க ஒரு திருகு வச்சிருக்கான். நம்ம மண்ணூர்ல கார்க் போட்ட பாட்டில் எங்க இருக்கு? பால் பாக்கெட் மூலைய வெட்ட அவன்கிட்ட என்ன இருக்கு? அடுப்பு பர்னர் அடைச்சா குத்த ஊசி இருக்கா? நாக்கு வழிக்க ஏதாவது இருக்கா? சொல்லுங்க அண்ணாச்சி."

ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர் லேத் பட்டறையில் உட்கார்ந்து, சுவிட்சர்லாந்து விட்டுவிட்ட அத்தனையையும் சேர்த்து அவனே ஒரு கத்தி செய்தான். அதைப் பாக்கெட்டில் போட்டால் பேன்ட் இறங்கும். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் நடப்பான். ஸ்பிரிங் அவ்வளவு டைட், நகத்தால் திறக்க முடியாது. ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்ப வேண்டும். அந்த ஸ்க்ரூ டிரைவர் கத்திக்குள் இருந்தது.

"அது ஒரு சின்ன டிசைன் கரெக்‌ஷன், அண்ணாச்சி" என்பான்.

நாக்கு வழிக்கிற தகடும் பர்னர் குத்துகிற ஊசியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரு நாள் காலையில் தூக்கக் கலக்கத்தில் தப்பானதை இழுத்துவிட்டான். அன்றைக்கு ஷிஃப்ட் முழுக்க அவனால் பேச முடியவில்லை. டூல் ரூமில் அன்றுதான் வேலை நடந்தது என்று சூப்பர்வைசர் இன்றைக்கும் சொல்கிறார்.

இது போதாதென்று கத்தியின் வயிற்றில் நாலு குட்டிக் கால்கள். இழுத்து விட்டால் மேசைமேல் நண்டு மாதிரி நிற்கும். கால் எதற்கு என்று அவன் எனக்குக் கட்டாயம் சொல்லியிருப்பான். விளக்கம் அங்கே வருவதற்குள் நான் தூங்கியிருப்பேன்.

அப்படிப்பட்டவனுக்கு ஜெனிபர் கிடைத்தாள். பக்கத்து கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது அவன் கத்தி விளக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்த ஊசிய வேற பக்கம் வைக்கலாம்ல?" என்று கேட்டிருக்கிறாள். பஸ் வந்ததே தெரியாமல் நின்றானாம். பிறகு என்ன, கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்துவிட்டது.

ஜெனிபரின் அப்பா மிக்கேல் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்ந்தவர். வல்லக்கோட்டை ரோட்டில் புதிதாக வந்த நகரில் வீடு. பையனைப் பற்றி விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றவர், மண்ணூருக்கே வந்து எங்கள் டீக்கடையில் விசாரித்திருக்கிறார்.

"நம்ம பிளேடா சார்? தெரியாம இன்னா" என்று டீக்கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். "பாக்கெட்டுல எப்பவும் கத்தி கீது. தனியா மாட்னா அவ்ளோதான், கழுத்தை அறுத்துடுவாரு. போன மாசம் இங்கியே குந்தவச்சு ஒரு இன்ஜினீயரை அறுத்தாரு பாரு, அந்த ஆளு அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வர்ல."

ஒரு வார்த்தை பொய் கிடையாது. பாவம், மிக்கேல் பாதி டீயோடு எழுந்து போய்விட்டார்.

ரவுடிக்குப் பெண் கிடையாது, கல்யாணம் வைக்கக் கூடாத தவக்காலம் தொடங்குமுன் வேறு இடத்தில் முடித்துவிடுவோம் என்று சேதி வந்தது. ஜெனிபர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "ரவுடிய லவ் பண்ற பொண்ணு வேற இன்னா சொல்லும்" என்றுவிட்டார்.

அன்றோடு பிளேடு பேச்சை நிறுத்தினான். கத்தியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டான். பேன்ட் இடுப்பில் நின்றது. எங்கள் ரூம் ஃபேன் இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்த்தால் தூக்கமே வரவில்லை. எனக்கே அழுகை வரும் போலிருந்தது. அந்த ஞாயிறு பூசை முடிந்ததும், கத்தியையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி, அவனை இழுத்துக்கொண்டு வல்லக்கோட்டை ரோட்டுக்குப் போனேன்.

"சார், இவன் ரவுடி இல்லை. அறுவை" என்றேன் மிக்கேலிடம். "பேசியே அறுக்கிற பிளேடு. ஒரு பத்து நிமிஷம் பேசவிட்டுப் பாருங்க, உங்களுக்கே புரிஞ்சுடும்."

"அப்டியா? இன்னாப்பா, பேசு பாக்கலாம்" என்றார் அவர்.

பாவி, வாயைத் திறக்கவில்லை. ஊரையே அறுத்தவன் அன்றைக்கு தன் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் தொடையில் கிள்ளினேன். "ஆமா சார்" என்றான். அதற்கு மேல் வரவில்லை. கதவோரம் நின்ற ஜெனிபர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வந்தவர்களை வெறுமனே அனுப்பக் கூடாது என்று மிக்கேல் சீசனுக்கு முன்பே வந்திருந்த ஒரு மாம்பழத்தை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து நகத்தால் விரித்தார். சிவப்புக் கைப்பிடி, வெள்ளைச் சிலுவை. சாட்சாத் சுவிட்சர்லாந்து.

பிளேடு நிமிர்ந்து உட்கார்ந்தான். "சார், அந்த ஸ்பிரிங்கு..." என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான், மடை உடைந்தது. கார்க், பால் பாக்கெட், பர்னர், நாக்கு என்று வரிசையாக வந்தன. 'சார்' எப்போது 'மாமா' ஆனார் என்று அவனுக்கே தெரியாது. மிக்கேலும் லேசுப்பட்டவர் இல்லை. "பேசாத நீ. இந்தக் கத்திய வச்சிகினு நடுக்கடல்ல முப்பது பேருக்கு மீன் கழுவிகிறேன்" என்று அவர் பங்குக்கு அறுத்தார். ஜெனிபரின் அம்மா எட்டிப் பார்த்து, "நம்ம வூட்டுக்கு ஒண்ணு பத்தாதா?" என்றுவிட்டு உள்ளே போனார்.

கடைசியில் மாம்பழப் பரீட்சை. சுவிஸ் கத்தி தோலைச் சுருள் சுருளாக இறக்கியது. பிளேடின் கத்தியைத் திறக்கவே நாங்கள் இரண்டு பேர் வேண்டியிருந்தது. வெட்டியபோது பழம் சாறாகி அவன் முழங்கை வரை வழிந்தது.

"வெட்டுததுல அவன்தான் ராஜா, மாமா" என்று ஒப்புக்கொண்டு, தன் கத்தியை நாலு காலில் மேசைமேல் நிறுத்தினான்.

ஜெயித்த சந்தோஷத்தில் மிக்கேல் தன் கத்தியை மடக்கி, "இந்தா, நீயே கைல புடிச்சுப் பாரு" என்று நீட்டினார். இத்தனை நாள் திட்டித் திட்டியே எந்தக் கத்திக்காக அவன் தவம் கிடந்தானோ அது ஒரு முழம் தூரத்தில் இருந்தது. பிளேடு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கீழ வைங்க மாமா, எடுத்துக்கிடுதேன். கத்தியக் கைக்குக் கை வாங்கினா சண்டை வரும்லா. எனக்கு உங்ககூட சண்டை வந்துரக் கூடாது."

மிக்கேல் திரும்பி, சாறு சொட்ட மேசைமேல் நின்ற அவன் கத்தியைப் பார்த்தார். "அதான் இதுக்குக் காலா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா. கைல குடுக்க முடியாது. சும்மா கீழ போட்டா மரியாதை இல்ல. அதான் தானா நிக்கட்டும்னு வச்சேன்."

அவர் தன் கத்தியை மெல்ல மேசைமேல் வைத்தார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. "இத அவன் யோசிக்கலியே" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "இன்னாம்மா, சோறு வை" என்றார்.

கல்யாணம் தவக்காலத்துக்கு முன்பே முடிந்தது. ரூமைக் காலி செய்த அன்று பிளேடு எனக்கென்று செய்த ஒரு கத்தியை என் மேசைமேல் நாலு காலில் நிறுத்திவிட்டு, தள்ளி நின்றுகொண்டான். அது இன்றுவரை எதையும் ஒழுங்காக வெட்டியதில்லை. ஞாயிறு தவறாமல் போன் செய்து ஸ்பிரிங்கைப் பற்றி அறுக்கிறான். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அந்தக் கத்திக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். ஏதாவது ஒரு ஞாயிறு போன் வராவிட்டால் நானே கூப்பிட்டு, "ஸ்பிரிங் என்னடா ஆச்சு?" என்று கேட்கிறேன்.