செயினில் பாதி

செயினை எந்த இடத்தில் அறுப்பது என்று தெரியாமல் தங்கராஜ் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

மற்றதெல்லாம் ஒருவழியாக முடிந்திருந்தது. சக்கரம் இரண்டு. முன்சக்கரம் தனக்கு, பின்சக்கரம் அக்காவுக்கு. கண்ணாடி ஆளுக்கொன்று. லைட்டு அக்காவுக்குப் போனதால் ஹாரனைத் தான் எடுத்துக்கொண்டான். செயின் மட்டும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

“கண்ணியை எண்ணி அறுங்க. நாளைக்கு உங்கக்கா ஒரு கண்ணி கொறையுதுன்னு வந்து நிப்பாங்க,” என்றாள் மனைவி அருக்காணி.

“குத்திப் பேசாத புள்ள. பாகம்னா பாகந்தான்.”

கண்ணி ஒற்றைப்படையில் வந்தது. ஒரு கண்ணி கூடுதலாக அக்கா பக்கம் போகும்படி வைத்து, ரம்பத்தை எடுத்தான்.

கிளியூரில் அவன் வீட்டு வாசலில் விரித்த சாக்கின்மேல், செத்துப்போன அண்ணனின் மோட்டார் சைக்கிள் இரண்டு குவியலாகக் கிடந்தது.

அண்ணன் மாரப்பன் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளவில்லை. பங்குனி மாதம் ஒருநாள் மத்தியானம் சோறு தின்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் விட்டுப்போனது ஒரு தங்கை, ஒரு தம்பி, ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள்.

தங்கை வீராயி குப்பனூரில் வாழ்க்கைப்பட்டவள். கருமாதி அன்று கொட்டகைக்குள் போய் வண்டியின் சீட்டைத் தடவிக்கொண்டே, “இதுல எனக்கும் பாகம் இருக்குதல்ல தம்பி?” என்று அழுதாள். தங்கராஜ் பதில் யோசித்து முடிப்பதற்குள் அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். அதோடு அக்கா தம்பி பேச்சும் நின்றுபோனது.

அன்றைக்கே மெக்கானிக் சிக்கந்தர் பாயும் ஏற்காட்டிலிருந்து துக்கம் கேட்க வந்திருந்தார். போகும்போது வண்டியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாதுங்க தங்கராசு. அந்த வண்டியை நான் எடுத்துக்கட்டுங்களா?”

தங்கராஜுக்கு நெஞ்சு எரிந்தது. “அண்ணன் சாம்பல் இன்னும் ஆறலீங்க பாய். வண்டிப் பேச்சே வேண்டாமுங்க.”

“சரிங்க, சரிங்க. துக்கம் ஆறட்டும். அப்பறமா எடுத்துக்கறேன்.”

பாய் தலையைக் குனிந்துகொண்டு போனார். அதன்பிறகு சந்தையில் அவரைக் கண்டால் தங்கராஜ் மீன்கடைப் பக்கமாகச் சுற்றிப் போனான். எழவு வீட்டிலேயே வண்டிக்கு ஆசைப்படுகிற மனிதரிடம் என்ன பேச்சு?

அண்ணன் போனதிலிருந்து வண்டியும் முன்போல இல்லை. அவர் ஓட்டி வரும்போது வளைவு திரும்புமுன்பே ஊருக்குக் கேட்கும். வயிற்றுக்குள்ளிருந்து வருகிற சத்தம். இப்போது உதைத்தால் சளி பிடித்தவன் மாதிரி கரகரத்தது.

“துக்கம் மனுசனுக்கு மட்டுந்தான் இருக்கோணுமாக்கும்?” என்று அருக்காணி சேர்வராயன் கோயில் திருநீற்றைக் கொண்டுவந்து லைட்டின்மேல் பூசினாள்.

நம்பர் தகட்டில் எண்ணெயும் சேறும் ஏறி எழுத்தே தெரியவில்லை. அண்ணன் பேர் சொல்லும் வண்டி அப்படி நிற்கலாமா? தங்கராஜ் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், அதைப் பார்த்து இரண்டு தகட்டிலும் நம்பரைப் புதிதாக எழுத வைத்தான்.

அவனுக்கு வேண்டியது இவ்வளவுதான். அண்ணன் வண்டி வீட்டை விட்டுப் போகக் கூடாது. அக்காவை ஏமாற்றி வைத்துக்கொண்டான் என்ற பேரும் வரக் கூடாது. பேர் மாற்றுவதற்குச் சேலத்துக்குப் போய் வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டான்.

“வாரிசு ரெண்டு பேருன்னா முறைப்படி மதிப்பு போடணுமுங்க. கோர்ட்டுக்கு வேணும், வரிக்கு வேணும், இன்சூரன்சுக்கு வேணும்.”

“மூணு மதிப்புங்களா?”

“மதிப்பு ஒண்ணுதான். மூணு எடத்துல காட்டணும்.”

“வரிக்குக் கொஞ்சம் கொறச்சு, இன்சூரன்சுக்குக் கொஞ்சம் கூட்டி…”

“வண்டி ஒண்ணுதானுங்களே?” என்றார் குமாஸ்தா. “மதிப்பு போடறவருக்குச் சொல்லி அனுப்பறேன், போங்க.”

சொல்லி அனுப்பிய சேதி பஸ் கண்டக்டர் வழியாக வந்தது. பஸ் நிற்கக்கூட இல்லை. அவர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார்.

“தங்கராசண்ணா! மதிப்பு போடறவரு புதன்கெழமை வர்றாராம்! பாகம் பாகமாப் பிரிச்சுத்தான் மதிப்பு போடுவாராம்! ரெடியா இருக்கச் சொன்னாங்கோ!”

பஸ் வளைவில் திரும்பிவிட்டது. தங்கராஜ் ரோட்டிலேயே நின்றான். ஆக, அக்கா அங்கே போய்ச் சொல்லிவிட்டாள். பாகம் கேட்டுவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு ஸ்பானர் இரவல் கேட்கப் போனான்.

பிரிப்பது கஷ்டமாக இல்லை. சமமாகப் பிரிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நீளச் சீட்டை நடுவில் அறுத்ததில் பஞ்சு வாசலெல்லாம் பறந்தது. பெட்ரோலை இரண்டு பாட்டிலில் ஊற்றி, கண்ணுக்கு நேராகத் தூக்கி ஒப்புப் பார்த்தான்.

“பெட்ரோலுமா?” என்றாள் அருக்காணி.

“அதும் அண்ணன் போட்டதுதான?”

இன்ஜினை அறுக்க முடியவில்லை. திருவுளச்சீட்டு எழுதிப் போட்டான். அது அவன் பக்கம் விழுந்தது. மிளகு நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தால் அக்கா பாகம் மேலே போய் நின்றது. மனசு கேட்கவில்லை. வீட்டில் இருந்த மிளகு மூட்டையைத் தூக்கி அக்கா பாகத்தின்மேல் வைத்தான். முள் நேராக நின்றது.

“இனி எந்தக் கோர்ட்டு வேணும்னாலும் வரட்டும்,” என்றான்.

புதன்கிழமை கோர்ட்டு வரவில்லை. தோல்பையும் டார்ச் லைட்டுமாகச் சேலத்துக்காரர் ஒருவர் வந்தார். வாசலைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனார். சுற்றிவிட்டு வெளியே வந்தார்.

“வண்டி எங்கீங்க?”

“இதா இருக்குதுங்க.” தங்கராஜ் இரண்டு பக்கமும் கை காட்டினான்.

சேலத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?”

“பாகம் பிரிச்சு ரெடியா வெக்கச் சொன்னீங்கல்லங்க?”

“இன்ஜின் எப்படி, டயர் எப்படின்னு பாகம் பாகமாப் பாத்து மதிப்பு போடுவேன்னு சொன்னேனுங்க. மோட்டாரோட பாகம்! சொத்துப் பாகம் இல்லீங்க!”

தங்கராஜ் கையிலிருந்த ஸ்பானரை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“நின்னா வண்டிங்க. கெடந்தா இரும்பு. இரும்புக்கு எந்த இன்சூரன்சுங்க?” சேலத்துக்காரர் குனிந்தார். “இந்த மூட்டை எந்தப் பாகம்?”

“அது மிளகுங்க. எடைக்கு.”

அவர் ஒன்றும் எழுதவில்லை. பேனாவை மூடிப் பையில் போட்டார்.

“மாட்டிப்புடறேனுங்க. ஒரு மணிநேரம் குடுங்க,” என்று தங்கராஜ் சக்கரத்தைத் தூக்கினான். செயின் இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. சக்கரத்தை மறுபடியும் கீழே வைத்தான்.

அந்த நேரம் பார்த்து வீராயி பஸ்ஸை விட்டிறங்கி வந்தாள். குமாஸ்தா அவளுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் இந்தக் குவியலைப் பார்த்தாள். அந்தக் குவியலைப் பார்த்தாள்.

“இது உன்ற பாகம் அக்கா,” என்றான் தங்கராஜ். “ஒரு கண்ணி கூடத்தான் வெச்சிருக்கறேன்.”

“அட எடுபட்டவனே!” வீராயி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “எனக்கு வேண்டாம், தம்பியே வெச்சுக்கட்டும்னு கைநாட்டு வெக்க வந்தேன்டா! அண்ணன் வண்டியை இப்புடிக் கொத்துக்கறி போட்டு வெச்சிருக்கறயே!”

“நீதான பாகம் இருக்குதல்லன்னு கேட்ட?”

“என்னைய மொதப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு இதுல வெச்சுத்தான்டா அண்ணன் கொண்டுபோச்சு. உனக்கு எவ்வளவு பாத்தியமோ அவ்வளவு எனக்கும்னு சொன்னேன். அழுகையில சொன்னதுக்கு ரம்பத்தை எடுப்பயா?”

தங்கராஜ் சாக்கின்மேல் உட்கார்ந்தான். அக்காவின் தோள் நடுங்குவதைப் பார்த்ததும் அவனுக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. “அண்ணன் கடைசியா ஏறி உக்காந்த சீட்டு அக்கா. நானே அறுத்துட்டேன்.” இரண்டு பேரும் ஆளுக்கொரு பாதிச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு, மாரப்பன் செத்த அன்று அழுததைவிட அதிகமாக அழுதார்கள். அருக்காணியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சேலத்துக்காரருக்கும் மனசு இளகிவிட்டது. “அழுகாதீங்கம்மா. நம்பர் மட்டும் ஒத்துப் பாத்து எழுதிக்கறேன். நீங்க வண்டியை மாட்டி நிறுத்துங்க. நான் இன்னொரு நாள் வர்றேன்.”

தகட்டில் இருந்த நம்பர் ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்தது. பிறகு அவர் டார்ச்சை அடித்து, இன்ஜினில் வெட்டியிருந்த நம்பரைத் தேய்த்துப் படித்தார். சேஸிஸ் சட்டத்தில் இருந்ததையும் படித்தார். புத்தகத்தைப் பார்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

“என்னங்க இது? ஒண்ணுகூட ஒக்கலையே?”

“கழட்டறப்ப மாறிருக்குமுங்களா?” என்றான் தங்கராஜ்.

சேலத்துக்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

வளைவுக்கு அந்தப் பக்கம். கனமாக, நிதானமாக, வயிற்றுக்குள்ளிருந்து வருகிற சத்தம். காப்பிச் செடிக்குள் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். தங்கராஜின் கை மயிர் சிலிர்த்தது. வீராயி அவன் தோளை இறுகப் பிடித்தாள்.

“தம்பி… அண்ணன்டா.”

“ஆமா அக்கா.”

சத்தம் வளைவு திரும்பியது. மேடேறியது. வாசலுக்கு நேராக வந்து நின்றது. கறுப்பு மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிக்கந்தர் பாய் இறங்கினார். அழுது வீங்கிய மூன்று முகங்களையும் பார்த்துச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். சாக்குப் பக்கம் அவர் பார்வை இன்னும் போகவில்லை.

“கோவிச்சுக்காதீங்க தங்கராசு, அண்ணன் ரிப்பேருக்கு உட்ட வண்டி தயாராகி நொம்ப நாளாச்சுங்க; அதுவரைக்கும் ஓட்டிக்கச் சொல்லி நான் குடுத்தனுப்புன என்ற வண்டியை இப்பவாச்சும் எடுத்துக்கட்டுங்களா?”