வக்கீல் சொன்ன மூன்று வார்த்தை

இந்தக் கதை என் கண்முன்னால் நடந்ததில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டது. சொன்னவர் எனக்கு நேர் மேல்வீட்டில் குடியிருக்கும் அண்ணன். அவர் சொன்னதில் எது நடந்தது, எது நடந்ததாக அவர் நினைத்தது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பட்டத்தால் இதுவரை வேலை கிடைக்கவில்லை. எதையும் ஒரு தடவை சரிபார்க்கும் வியாதி மட்டும் கிடைத்திருக்கிறது. இந்தக் கதையிலும் ஒன்றைச் சரிபார்த்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அண்ணன் ஏன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அண்ணி தொலைபேசி மொழிபெயர்ப்பாளர். இந்த நாட்டு மொழி தெரியாத தமிழர் யாராவது ஆஸ்பத்திரிக்கோ அலுவலகத்துக்கோ போனால், அங்கிருந்து ஓர் எண்ணுக்குப் போன் போடுவார்கள். மறுமுனையில் அண்ணி தன் வீட்டு முன்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவர்கள் சொல்வதைத் தமிழிலும் இவர் சொல்வதை அந்த மொழியிலும் மாற்றிச் சொல்வார். பெயரைச் சொல்லக் கூடாது, எண்ணைத்தான் சொல்ல வேண்டும். ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் மூச்சு விடக் கூடாது. பின்னால் வீட்டுச் சத்தம் கேட்கக் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் அண்ணனைப் படிக்கட்டுக்கு அனுப்பியது. அவருக்கு ரொட்டி ஆலையில் விடிகாலை வேலை. முடித்துவிட்டு வீடு திரும்பினால் சோபா முன்னறையில், டிவி முன்னறையில், அண்ணியும் முன்னறையில். படுக்கையறையில் தூங்கலாமே என்று கேட்டேன். அவர் குறட்டை இரண்டு கதவைத் தாண்டுமாம். ஒரு தடவை அடக்க முடியாமல் தும்மிவிட்டார். அதற்கு எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நோயாளிக்குச் சளி மருந்து எழுதிவிட்டார்கள் என்று சத்தியம் செய்கிறார்.

ஒருநாள் படிக்கட்டில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு தீர்மானம்.

"தம்பி, விவாகரத்துன்னு சொல்லப் போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பண்ணப் போறீங்களா?"

"சொல்லப் போறேன்னுதானே சொன்னேன். பண்றது வேற, சொல்றது வேற. சொன்னா பயந்துடுவா. பயந்தா முன்னறை என் கைக்கு வந்துடும்."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. இந்த நாட்டுக்கு முதலில் வேலைக்கு வந்தவர் அண்ணி. அண்ணன் பின்னால் வந்தவர். அவருடைய தங்கும் அனுமதியில் அவருக்கென்று ஒரு காரணமும் கிடையாது. அண்ணியின் கணவர் என்பதுதான் காரணம். சொல்லப்போய் அது நிஜமாகிவிட்டால்? சோபா இங்கே இருக்கும், அண்ணன் விமானத்தில் இருப்பார்.

"துப்பாக்கிய நீட்டறதுக்கு முன்னாடி அது யாரைப் பார்த்து இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்ல?" என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அனுப்பிட்டாங்கன்னா வேலையும் போச்சு, அவளும் போச்சு தம்பி" என்றார்.

ஊரில் இலவசச் சட்ட ஆலோசனை மையம் ஒன்று இருக்கிறது. பல் டாக்டரிடம் போகிறேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு அங்கே போனார். கிளம்புவதற்கு முன்னால், மொழி தெரியாமல் எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டேன். போனில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவார்களாம். அது அண்ணியாகவே இருந்துவிட்டால் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே, அண்ணிக்கு ஆஸ்பத்திரி அழைப்புகள்தான் வரும் என்றார். அப்படி அவரிடம் யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு யோசித்துப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை.

வக்கீல் ஓர் இளைஞர். போனை மேசைமேல் வைத்து, சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி செய்தார். கரகரவென்று ஒரு பெண் குரல் ஓர் எண்ணைச் சொன்னது. அப்புறம், "வணக்கம், ஐயா. சொல்லுங்கள்" என்றது.

குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்ததாம்.

"அண்ணி குரல் மாதிரியா?" என்றேன்.

"சேச்சே. என்னை ஐயான்னு கூப்பிட்டாங்க தம்பி. அதோட, நான் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசல. உங்க அண்ணி இல்லைங்கறதுக்கு வேற என்ன சாட்சி வேணும்?"

ஆனால் முதல் வாக்கியத்திலேயே குறுக்கே பேசியிருக்கிறார்கள். அதையும் அவரே சொன்னார்.

"எனக்குக் கல்யாணம் ஆகி அஞ்சு வருஷம் ஆகுது."

"ஆறு, ஐயா."

"ஆமா. ஆறு."

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று அண்ணன் வியந்துபோனார். இந்த நாடு சும்மா முன்னேறவில்லை என்றார்.

பிறகு விஷயத்துக்கு வந்திருக்கிறார். "இங்க வந்து நாலு வருஷமாச்சு. பொண்டாட்டி விசாவுலதான் வந்தேன். இப்ப நான் அவளை விவாகரத்து பண்ணினா என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்களா?"

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதா என்று வக்கீல் போனைத் தட்டிப் பார்த்தார். போகவில்லை. ஏனென்றால் பின்னால் ஒரு பாட்டு கேட்டது. வாஷிங் மெஷின் துவைத்து முடித்ததும் போடும் பாட்டு.

"அவங்க வீட்லயும் நம்ம மெஷின்தான் தம்பி" என்றார் அண்ணன்.

அந்தப் பாட்டு எனக்கும் தெரியும். தினமும் என் அறையின் கூரை வழியாகக் கேட்கிறது. ஆனால் உலகத்தில் அந்த மெஷின் எத்தனையோ பேர் வீட்டில் இருக்கும்.

குரல் திரும்பி வந்தது. "காரணம் என்ன என்று வக்கீல் கேட்கிறார், ஐயா."

"வக்கீல் கேட்டாரா?" என்றேன் நான்.

"வாயைத் தொறக்கல. மனசுல கேட்டிருப்பாரு."

அண்ணன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சோபா, டிவி, தும்மல், படிக்கட்டு. கடைசியில், "நிஜமா விடற எண்ணமெல்லாம் இல்லீங்க. சும்மா பயமுறுத்தத்தான். அவ இல்லாம எனக்கு ஒரு பால் பாக்கெட்கூட வாங்கத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறார். குரல் தொண்டையைக் கனைத்துக்கொண்டது. அப்புறம் கடகடவென்று வக்கீலிடம் ஏதோ சொன்னது. வக்கீல் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். மூன்றே மூன்று வார்த்தை சொன்னார். பேனாவை மூடினார்.

அதன் தமிழாக்கம் இப்படி வந்ததாம்:

"உங்கள் நிலைமை மிகவும் நுணுக்கமானது, ஐயா. விவாகரத்து என்ற சொல்லை வீட்டில் உச்சரிக்கவே வேண்டாம். கணவனும் மனைவியும் சேர்ந்து குடித்தனம் நடத்துவதற்கு அடையாளம் வேண்டும். பாத்திரம் கழுவலாம். துவைத்த துணியை உடனே காயப்போடலாம். முக்கியமாக, இந்த நாட்டு மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும். மாலை வகுப்பு இருக்கிறது, இலவசம். உங்கள் மனைவி பல தடவை சொல்லியிருப்பாரே."

"மூணு வார்த்தைதானேங்க சொன்னாரு?"

"சட்டம், ஐயா. விரித்துச் சொன்னால்தான் புரியும்."

"முன்னறை?"

வக்கீல் அப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைப் பற்றிக் கேட்காமல் இருப்பது உங்களுக்கு நல்லது என்கிறார், ஐயா."

அண்ணன் குழம்பிப்போய் வீட்டுக்கு வந்தார். அண்ணி முன்னறையில் இருந்தார். ஹெட்போன் கழுத்தில்.

"பல் எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"வாயைத் தொறக்காம இருந்தா நல்லதுன்னாரு."

"நல்ல டாக்டர்" என்றார் அண்ணி. "மெஷின்ல துணி இருக்கு."

அண்ணன் மறுபேச்சில்லாமல் போய்க் காயப்போட்டார். அப்போது அவருக்கு ஏதோ ஒன்று உறுத்தியதாம். என்னவென்று பிடிபடவில்லை. துணி ஈரமாக இருந்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

அன்று முதல் மேல்வீட்டில் பாத்திரச் சத்தம் மாறிவிட்டது. அண்ணி கழுவினால் சத்தம் வராது. அண்ணன் கழுவினால் ஒவ்வொரு தட்டும் மேளம் போலக் கேட்கும். சாயங்காலமானால் தோளில் பையோடு படியிறங்குவார். வகுப்பில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து "இது என் நாற்காலி, அது உன் நாற்காலி" என்று ஒப்பித்தார். நாலு வருடமாக அண்ணி கெஞ்சியும் போகாத வகுப்பு.

"என்னங்க திடீர்னு?" என்று அண்ணி கேட்டாராம்.

"எனக்கே தோணுச்சு."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கேன்?"

"அதுவும் சரிதான்" என்று அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொண்டாராம்.

எனக்குச் சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் மாடிப்படியில் அண்ணியைப் பார்த்தபோது, உங்களுக்கு வக்கீல்களிடமிருந்தும் அழைப்பு வருமா என்று பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். அண்ணி என்னைக் கனிவாகப் பார்த்தார். யார் கூப்பிட்டார்கள், என்ன பேசினார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது தம்பி, அது விதி, விதியில் நான் ரொம்பக் கறார் என்றார். அதற்குமேல் என்ன கேட்பது?

குளிர்காலம் போய் மரங்கள் துளிர்விட்டன. அண்ணன் முதல் தேர்வில் தேறினார். பால் பாக்கெட் வாங்கினார். மீதிச் சில்லறை தப்பாக இருந்தபோது கடைக்காரரோடு அந்த மொழியிலேயே சண்டை போட்டுவிட்டு வந்து, மூச்சு வாங்க என்னிடம் பெருமைப்பட்டார். அதே வேகத்தில் ஒருநாள் மறுபடியும் அதே வக்கீலிடம் போனார். இந்தத் தடவை போன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கேள்வியை அவரே கேட்டார். அதே இளைஞர் அதே சிரிப்போடு அதே மூன்று வார்த்தை சொன்னார். அண்ணனுக்கு மூன்றுமே புரிந்தது.

"உங்களுக்குப் பாதிப்பு இல்லை."

இன்னும் கொஞ்சம் கேட்டதில், மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தவருக்கு விவாகரத்தானாலும் தங்கும் அனுமதி போகாது என்று வக்கீல் விளக்கினாராம். அண்ணன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி நேரே முன்னறைக்குப் போனார். அண்ணி அப்போது அழைப்பில் இல்லை.

"இனிமே நான் விவாகரத்துன்னு சொன்னாக்கூட என்னை யாரும் அனுப்ப முடியாது" என்றார்.

"யார் சொன்னா?"

"வக்கீல்."

"அவர் சொன்னது உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?"

"நானே பேசினேன். போன் வேணாம்னுட்டேன்."

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கண் கலங்கியது போலத் தெரிந்ததாம். ஏன் என்று அண்ணனுக்கு இன்றுவரை புரியவில்லை.

"சரி, சொல்லுங்க" என்றார் அண்ணி.

"எதை?"

"விவாகரத்துன்னு."

அண்ணன் நின்றார். எவ்வளவு யோசித்தும் அந்த வார்த்தை வாயில் வரவில்லையாம். கடைசியில், "மெஷின்ல துணி இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். இருந்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அண்ணன் என் பக்கத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மேலே அண்ணி யாருக்கோ மொழிபெயர்த்துக்கொண்டிருப்பது லேசாகக் கேட்டது.

"ஆனா ஒண்ணு தம்பி. நான் முதல்ல போனப்போ அவ்வளவு கெடுபிடியா இருந்துச்சு. இப்ப பாரு, மூணு வருஷம் போதுங்கறாங்க. என் நல்ல காலம், இடையில சட்டத்தை மாத்திட்டாங்க."

நான் தலையாட்டினேன். இரவில் தூக்கம் வரவில்லை. காலையில் நூலகத்துக்குப் போய் அந்த விதியைத் தேடி எடுத்து இரண்டு தடவை படித்தேன். மூன்று வருடம் என்றுதான் இருக்கிறது. பாத்திரம் பற்றி ஒன்றும் இல்லை. அந்த விதி கடைசியாகத் திருத்தப்பட்டது அண்ணனுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்திய வருடம்.