புதுநன்மை விருந்தில் நான் வாய் திறக்காதது குறித்து

திண்டிவனம்,
புதன்கிழமை.

மதிப்பும் மரியாதையும் உள்ள மச்சான் தேவசகாயம் அவர்களுக்கு, தங்கள் தங்கை அமலாவைக் கட்டிய சவுரிராயன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அமலாவும் தங்கள் மருமகள் செல்வியும் ஆண்டவர் கருணையில் சுகம். தாங்களும் இருதயமேரி அக்காவும் சுகமாக இருப்பதை, தினமும் காலையில் தாங்கள் வாட்ஸாப்பில் அனுப்புகிற ரோஜாப்பூவை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். பத்து நாளாக அந்த ரோஜாப்பூ எனக்கு வருவதில்லை, அமலாவின் போனில்தான் பார்க்கிறேன். போன் போட்டாலும் முழுசாக அடித்து ஓய்கிறது. அதனால்தான் தபால்காரரை நம்பி இதை எழுதுகிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தும் அது திருந்தவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, காணையில் தங்கள் பேரன் முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், இலை போட்டு நூறு பேர் உட்கார்ந்திருந்த பந்தியில் தாங்கள் என்னிடம், "என்னா மாப்ளே, பொண்ணை ஒரகடம் கம்பெனிக்கு அனுப்பப் போறீங்களாமே. நான் இங்க உரக்கடையில பில்லு போடுற வேலைக்குச் சொல்லி வெச்சேனே, அது என்னாச்சு?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த செல்விதான், "மாமா, அந்த வேலைக்கு நான் வரலைங்க. ஒரகடத்துலயே ஆஸ்டல் குடுக்கறாங்க, இன்னும் ரெண்டு வாரத்துல சேரணும்" என்றாள். தாங்கள் மறுபடி என்னைப் பார்த்து, "நான் உங்களைக் கேட்டுக்கினு இருக்கேன்" என்றீர்கள். நான் மறுபடியும் வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். அது திமிர் இல்லை மச்சான். என் வாயில் கமர்கட்டு இருந்தது.

கமர்கட்டு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் விருந்திலிருந்து ஆறு சனிக்கிழமை பின்னால் போக வேண்டும். படித்து முடித்த பிள்ளைகளுக்கு வேலைக்குப் போகவும், சம்பளத்தை வைத்துக் குடும்பம் நடத்தவும், நாலு பேரிடம் பேசவும் இலவசமாகப் பயிற்சி என்று பஸ் ஸ்டாண்டு பின்னால் ஒரு ஹாலில் ஆரம்பித்தார்கள். பிள்ளையோடு வீட்டில் ஒருத்தரும் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். அமலாவைக் கேட்டேன். "உக்காந்து பேசுற வேலைன்னா அது உங்க வேலைதான், போங்க" என்று சொல்லிவிட்டாள். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிறவனுக்கு சனிக்கிழமை அரை நாள் லீவு கிடைப்பதே கஷ்டம், இருந்தாலும் டீயும் பன்னும் தருவார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

வகுப்பு எடுத்தவர் அருணா மேடம். சின்ன வயசுதான். முதல் நாள் செல்வியைப் பார்த்து, "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார். நான், "ஆரோக்கியசெல்விங்க மேடம்" என்றேன். "என்ன படிச்சிருக்கே?" "பி.காம் மேடம், எழுபத்தோரு பர்சன்ட்டு." "உனக்கு என்னம்மா புடிக்கும்?" "அவளுக்கு எல்லாமே புடிக்கும் மேடம், அடம் புடிக்காத பொண்ணு." மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சார், வேலை உங்களுக்கா உங்க பொண்ணுக்கா?" என்று கேட்டார். ஹாலே சிரித்தது. பனமலையிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஜெகதீசன்தான் எல்லோரையும் விட அதிகம் சிரித்தார். அடுத்து அவர் மகனிடம் பேர் கேட்டார்கள், பதில் சொன்னது ஜெகதீசன்.

நம்ம ஜனத்துக்கே இது பழக்கம்தானே மச்சான். பிள்ளையை யாராவது ஏதாவது கேட்டால் பெத்தவன் சொல்வான். அதில் ஒரு தப்பு இருக்கிறது என்று எனக்கு நாற்பத்தொன்பது வயசு வரைக்கும் யாரும் சொல்லவில்லை. மேடம் அப்பன்மார்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார்: ஒரு வாரம், பிள்ளையைக் கேட்கிற கேள்விக்குப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். சின்ன விஷயம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை கண்டக்டர் அவளைப் பார்த்து "எங்கம்மா?" என்றார், நான் "விழுப்புரம் ரெண்டு" என்றேன். சரி, அது டிக்கெட் விஷயம் என்று மன்னித்துவிட்டாள். வியாழக்கிழமை அவளுக்குப் பல் வலி. டாக்டர், "எந்தப் பல்லும்மா?" என்று கேட்டார். நான் பழக்க தோஷத்தில் என் வாயைத் திறந்து காட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இது பல்லு செட்டுங்க, இது வலிக்காது" என்றார். வெளியே வந்ததும் செல்வி ஒரு கடையில் நின்று கமர்கட்டு ஒரு பொட்டலம் வாங்கினாள். "அப்பா, நாலு பேரு நடுவுல போனா ஒண்ணு வாயில போட்டுக்குங்க. அது கரையற வரைக்கும் பேச முடியாது" என்றாள்.

மூன்றாம் வாரம் பணப் பாடம். வீட்டுச் செலவில் எது அவசியம், எது ஆசை என்று குடும்பமாக உட்கார்ந்து இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னார்கள். ஜெகதீசன் தன் பைக்குக்கு வாங்கிய மியூசிக் ஹாரனை அவசியத்தில் எழுதினார், மாடுகள் ஒதுங்க வேண்டுமாம். நான் காணையில் மச்சான் வீட்டு விசேஷங்கள் என்பதை அவசியத்தில்தான் எழுதினேன். செல்வி அதை ஆசைக்கு மாற்றிவிட்டாள். இதை நான் உங்களுக்கு எழுதியிருக்கக் கூடாது. பேனாவில் எழுதிவிட்டேன், அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும்.

இனிமேல்தான் மச்சான் நிஜமான சங்கதி. நாலாம் வாரம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி போனிலேயே இன்டர்வியூ வைத்தது. செல்வி கொல்லைப்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே போன் வந்துவிட்டது. அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும், நான் எடுத்தேன். ஒரு அம்மா, "ஆரோக்கியசெல்வி இருக்காங்களா?" என்று கேட்டார்கள். நான், "இருக்குது மேடம், நீங்க கேளுங்க, நான் அவங்க அப்பாதான்" என்றேன். கம்ப்யூட்டர் தெரியுமா என்றார்கள், அதிலேயேதான் கிடக்கும் என்றேன். வெளியூரில் தங்குவாரா என்றார்கள். நான் நல்லது செய்வதாக நினைத்து, "அதெல்லாம் பயப்படும் மேடம், நீங்கதான் உங்க பொண்ணு மாதிரி பாத்துக்கணும்" என்றேன். அந்த அம்மா தேங்க்யூ சொல்லி வைத்துவிட்டார்கள். கையில் ஈரத் துணியோடு செல்வி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். சாயந்திரமே வேண்டாம் என்று மெசேஜ் வந்துவிட்டது.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "அப்பா, நான் பயப்படுவேன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்றாள். நான் சோற்றைப் பிசைந்தேன். "நானே தப்பா பதில் சொல்லி வேலை போனா கூட பரவாயில்லப்பா. அந்தத் தப்பு என்னோடதா இருக்கணும்" என்றாள். மச்சான், எடை மேடையில் மூட்டை நாற்பது கிலோ இருக்குமா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிற பெண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அன்றைக்கு ஒரு தடவை போட்ட சோற்றோடு எழுந்துவிட்டேன்.

அப்புறம் விழுப்புரத்தில் அந்த ஒரகடம் கம்பெனி இன்டர்வியூ. நான் கட்டடத்துக்குள் போகவே இல்லை. எதிரே டீக்கடையில் ரெண்டு மணி நேரம் ரெண்டு கமர்கட்டோடு உட்கார்ந்திருந்தேன். டீக்கடைக்காரர் "அண்ணே, டீயா காப்பியா?" என்றதற்குக் கூட விரலைக் காட்டினேன், ஊமை என்று நினைத்து சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தார். செல்வி இறங்கி வந்து, "கெடச்சிருச்சுப்பா" என்றாள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த நிலைமையில்தான் தங்கள் வீட்டு விருந்து. வேலை விஷயத்தை யாராவது கேட்பார்கள், நான் உளறுவேன் என்று பந்தியில் உட்காரும்போதே ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். தாங்கள் கேட்ட நேரம் பார்த்து அது மேல் செட்டையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. பிரியாணியைக் கூடப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கமர்கட்டு இல்லாவிட்டாலும் நான் பேசியிருக்க மாட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தாங்கள் பார்த்து வைத்த வேலையை மதிக்காமல் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி அவளுடையது.

இப்போது வீட்டில் ஒரே பேஜாரு. "எங்க அண்ணன் சரின்னு சொல்லாம என் பொண்ணு பஸ் ஏறக் கூடாது" என்று அமலா விருந்திலிருந்து வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை சேராவிட்டால் அந்த வேலை வேறொருத்தருக்குப் போய்விடும். தாங்கள் பெரிய மனசு பண்ணி, அமலாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இனி செல்விக்காக நான் யாரிடமும் பேச மாட்டேன், இதுதான் கடைசி.

இருதயமேரி அக்காவுக்கு என் வணக்கம். பேரனுக்கு முத்தம். வயலில் கரும்பும் வீட்டில் எல்லோரும் நல்லபடியாக இருக்க ஜெபிக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
பெ. சவுரிராயன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது செல்வி வாங்கிப் படித்தாள். "மாமாகிட்ட நான் போன ஞாயித்துக்கிழமையே பேசிட்டேனேப்பா. சரின்னுட்டாரு. அம்மாகிட்டயும் அப்பவே சொல்லிட்டாரு" என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கவே இல்லையே" என்றாள். நான் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று பார்க்கத்தான் தாங்கள் போனை எடுப்பதில்லையாம், அதையும் சொன்னாள். திங்கட்கிழமை தாங்களே அவளோடு ஆஸ்டல் வரைக்கும் போகிறீர்களாம், நான் பஸ் ஸ்டாண்டோடு நின்றுகொள்ள வேண்டுமாம். சரி, நிற்கிறேன். ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டதால் கடிதம் வருகிறது. அவள் அந்தப் பக்கம் போயிருக்கிறாள், ஜல்தியாக ஒன்று எழுதிவிடுகிறேன். அங்கே வார்டன் அம்மாவிடம், அவளுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்காது, உடம்பெல்லாம் தடிக்கும் என்று மட்டும் தாங்கள் சொல்லிவிடுங்கள் மச்சான். அவளாகச் சொல்ல மாட்டாள்.