போட்டோ இல்லாத பச்சை பனியன்

போன வருஷம் அந்த வியாழக்கிழமை டீக்கடையில் கூடியவர்கள்: கேப்டன் முருகேசன், கோல்கீப்பர் சல்லடை அண்ணன், லெஃப்ட் பேக் ஆடுகிற நான், எங்கள் கால்பந்து டீமின் மற்ற எட்டுப் பேர். வராதவர் ஒருவர்தான். ஊருக்கு வெளியே பிளாட் போட்டு விற்கிற பெரிய மனிதர். அவருக்குப் பதிலாக அவருடைய போட்டோ வந்திருந்தது. முருகேசன் மேசையில் விரித்த ஆரஞ்சு நிற ஜெர்சியின் நெஞ்சில், கைகூப்பிச் சிரித்தபடி.

இப்படிப் பதினோரு ஜெர்சி இலவசமாகத் தருகிறாராம். டீமின் பெயரை மாற்றி அவர் பெயரை வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டுக்கு அந்தப்பக்கம், கேரளாவில், ஓர் எஸ்டேட் மைதானத்தில் டோர்னமெண்ட். ஒரே நிறத்தில் ஜெர்சி இல்லாத டீமைச் சேர்க்க மாட்டார்கள். எங்களிடம் இருந்ததோ பதினோரு விதமான பனியன். ஒப்புக்கொள்ள என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டத்தின் பெயர் சல்லடை அண்ணன்.

போடிநாயக்கனூரில் பிறந்து, போடிமெட்டுக்கு மேற்கே பத்துக் கிலோமீட்டர் தாண்டாமல், முழு பிரேசில்காரராகவே வாழ்கிற ஒரே மனிதர் அவர்தான் என்று எந்தக் கோர்ட்டிலும் நான் சாட்சி சொல்லத் தயார். தொழில், ஏலக்காய் குடோனில் தரம் பிரிப்பது. சல்லடையில் காயைக் கொட்டி ஓர் ஆட்டு ஆட்டினால், பெரிய காய் மேலே நிற்கும், சின்னது கீழே போகும். பெயர் அதனால் வந்ததா, அவர் கோல் போஸ்ட்டில் நிற்கும்போது பந்து போகிற விதத்தால் வந்ததா என்பதில் தெருவில் இரண்டு கட்சி உண்டு. இரண்டு கட்சியிலும் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஊரில் அவர்மேல் மரியாதை இருந்தது வலதுகைக் கட்டைவிரலுக்காக. வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி விற்கிறவர்கள் உண்டு. சல்லடை அண்ணன் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, காயை ஒரு தேய்ப்புத் தேய்த்து, விரலை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுவார். விரல் பச்சையாக இருந்தால் மூட்டை திரும்பிப் போகும். வாதம், வக்கீல் ஒன்றும் கிடையாது. முப்பது வருஷமாக அந்த விரலுக்குப் பயந்தவர்கள் பெரிய பெரிய ஆட்கள்.

பிரேசில் அவருக்குள் வந்தது சந்தையில் குவித்துப் போட்டு விற்கிற பழைய துணி வழியாக. மழைக்குச் சட்டைக்குள் போட்டுக்கொள்ள ஒரு பனியன் எடுத்தார். பச்சையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் ஒரு நிறம். நெஞ்சில் ஒரு முத்திரை, முத்திரையில் ஒரு கிளை, கிளை நிறைய காய். "ஏலக்காய்டா மாப்ளே. எவனோ நம்மாளு செஞ்சிருக்கான்" என்று குடோன் முழுக்கக் காட்டினார். எட்டு எம்.எம். காய் என்று தரமும் சொல்லிவிட்டார்.

பிறகு என்னிடம் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் கரண்ட் பில்லிலிருந்து கோர்ட் நோட்டீஸ் வரை தெருவுக்கே படித்துச் சொல்வது என் சோலி. முத்திரையில் இருந்த எழுத்தைப் போனில் அடித்துத் தேடினேன். பிரேசிலில் மலையடிவாரத்து ஊர் ஒன்றின் கால்பந்து கிளப். பெரிய கிளப் இல்லை. அந்த மாகாணத்துக்குள் ஆடுவது, எப்போதாவது வெளியே தலைகாட்டுவது. கிளையில் இருந்தது காப்பிக்கொட்டை.

இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். அண்ணன் ஒரு டீயைக் குடித்து முடித்தார். அப்புறம், "காப்பியும் நம்ம மலையிலதான காய்க்குது?" என்றார். அன்றிலிருந்து அது எங்கள் ஊர் கிளப். அதன் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அது வாயில் நுழையவும் நுழையாது. "நம்ம கிளப்பு" என்பார், அவ்வளவுதான்.

கிளப்பின் சரித்திரத்தை நான் போனில் மொழிபெயர்த்துப் படிக்க வேண்டும். போன் செய்த தமிழ், கல்வெட்டை வக்கீல் நோட்டீஸாக எழுதியது போல இருக்கும். அவர் கைகட்டிக் கேட்பார். அங்கே தோட்ட முதலாளிகளுக்கு ஒரு கிளப் இருந்ததாம். காப்பி மூட்டை தூக்கியவர்களும் ரயில் கூலிகளும் அந்த வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், உள்ளே போகக்கூடாது. அவர்கள் தனியாக ஆரம்பித்ததுதான் நம்ம கிளப்பு. முதல் ஜெர்சிக்குத் துணி வாங்கக் காசில்லை. ஒரு சலவைக்காரம்மாள் வீட்டு முற்றத்தில், ஒரே அண்டாவில், எல்லாருடைய பழைய சட்டையையும் போட்டுச் சாயம் காய்ச்சினார்கள். பச்சை வரும் என்று நினைத்தார்கள். வந்தது அந்த இரண்டுங்கெட்டான் நிறம். இன்றுவரை அதுதான் ஜெர்சி.

இந்த இடத்தை வாரம் ஒருதடவை திரும்பப் படிக்கச் சொல்வார். அதைவிட அவருக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒரு தோட்ட முதலாளி வந்து, நிறத்தை மட்டும் என் தோட்டத்து நிறமாக மாற்றிக்கொள்ளுங்கள், மைதானமே கட்டித் தருகிறேன் என்றாராம். இவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பல வருஷம் மாட்டுச்சந்தை நடக்கிற பொட்டலில் ஆடினார்கள். சாணியை ஒதுக்கிவிட்டுக் கோடு போடுவார்களாம். ஒரே ஒருமுறை நாட்டின் பெரிய லீகுக்கு ஏறினார்கள். அந்த வருஷம் முழுக்கத் தோற்றார்கள், ஓர் ஆட்டம் தவிர. அந்த ஓர் ஆட்டத்தை அந்த ஊரில் இன்னும் பேசுகிறார்களாம். போடியிலும் பேசப்பட்டது.

அங்கே புதன்கிழமை ராத்திரி ஆடுகிற ஆட்டம் நமக்கு வியாழக்கிழமை காலை ஆறு மணி. டீக்கடைச் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்துவைத்துப் பார்ப்பார். கோல் வாங்கினால் எங்கள் பக்கம் திரும்பி, "நம்ம கீப்பரு புதுப்பய, பழகணும்ல" என்று மன்னிப்புக் கேட்பார். ஏதோ நாங்கள்தான் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் போல.

இப்படிப்பட்டவர் முன்னால்தான் முருகேசன் அந்த ஆரஞ்சு ஜெர்சியை விரித்தான்.

"ஓசில குடுக்குறாருண்ணே. போட்டோதான, ஓடுறப்ப எவன் பாக்கப் போறான்?"

"அந்தத் தோட்டக்காரன் மைதானமே குடுத்தான். வேணாம்னுட்டாய்ங்க."

"அது பிரேசிலுண்ணே."

"அங்க மூட்டை தூக்குனவய்ங்கதான்டா ஆரம்பிச்சாய்ங்க. உங்கப்பன் என்ன தூக்குறான்?"

முருகேசனின் அப்பா ஏலக்காய் லோடு ஏற்றுகிறவர். என் அப்பாவும்தான். பதினோரு பேரில் ஏழு பேருடைய அப்பாக்களும் அதே மூட்டைக்குத் தோள் கொடுப்பவர்கள்.

சல்லடை அண்ணன் எழுந்தார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள நமக்குன்னு ஒரு ஜெர்சி கொண்டாறது எம்பொறுப்பு. கொண்டாரலைன்னா அந்தாளு போட்டோவ மொத ஆளா நானே மாட்டிக்கிறேன்."

வெள்ளை பனியன் எல்லார் வீட்டிலும் இருந்தது. சாயம்தான் வேண்டும். துணிக்கடைச் சாயம் வாங்கலாம் என்றேன். அது கட்சிக்கொடி மாதிரி இருக்கும், நமக்குக் காய்ப் பச்சை வேண்டும் என்றார். காய்ப் பச்சை எங்கே கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும். அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. பயந்துகொண்டே அவர் பின்னால் போனேன்.

அவர் மூட்டையைத் திருப்பி அனுப்பிய வியாபாரிகளில் முதலிடம் ஒருவருக்கு. தெருவில் அவருக்குப் பச்சை முதலாளி என்றே பெயர். சல்லடை அண்ணன் போய் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, கொஞ்சம் கலர்ப் பொடி வேண்டும் என்றார். பச்சை முதலாளி வாயில் இருந்த வெத்திலையைத் துப்பிவிட்டு வந்தார். சந்தோஷத்தை அனுபவிக்க வாய் காலியாக இருக்கவேண்டும் போலிருக்கிறது.

"யாரு வந்திருக்கான்னு பாருங்கப்பா. எந்தக் காய்க்குய்யா ஏத்தப் போற?"

"காய்க்கில்ல மொதலாளி. பனியனுக்கு."

"என் சரக்குல கலர் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஒரு கிலோ அள்ளித் தாறேன்."

"அது சொல்ல முடியாது."

"இப்பவும் பொய் வரலை பாரு" என்று பச்சை முதலாளி தலையை ஆட்டினார். பிறகு உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். "கொண்டு போ. நான் குடுத்தேன்னு வெளிய சொல்லாத. எங்கிட்ட இந்தப் பொடியே கெடையாது."

சனிக்கிழமை குடோனுக்குப் பின்னால் அண்டா ஏறியது. பன்னிரண்டு பனியன், ஒன்று உபரி. காய்ந்ததும் பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், கொடியில் பன்னிரண்டு ஏலக்காய்ச் செடி நின்ற மாதிரி இருந்தது. முருகேசன் ஒன்றை எடுத்து மார்பில் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டான். ஆரஞ்சு ஜெர்சி அவன் ஜீப்பின் கண்ணாடி துடைக்கப் போயிற்று.

ஒரு விஷயத்தை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. முப்பது வருஷம் அந்தச் சாயத்தை எச்சில் தொட்ட விரலால் கண்டுபிடித்தவரும் யோசிக்கவில்லை. அது காயை ஏலம் விட்டு முடிகிறவரை தாங்கினால் போதும் என்று செய்யப்பட்ட பொடி.

மலையில் முதல் பாதி வெறும் மூடுபனி. எஸ்டேட் டீம் பளீரென்று வெள்ளை ஜெர்சியில் வந்திருந்தது. நாங்கள் பச்சையில் நின்றதைப் பார்த்து அந்தப் பக்கத்து ஆட்களே கை தட்டினார்கள். சல்லடை அண்ணன் கோல் போஸ்ட்டை இரண்டு பக்கமும் தொட்டுக் கும்பிட்டார். இடைவேளைவரை இரண்டே கோல் விட்டார். அவர் கணக்கில் அது சாதனை.

இடைவேளை முடிந்து ஐந்து நிமிஷத்தில் மழை இறங்கியது. முதலில் என் முழங்கை பச்சை ஆனது. அடுத்து கால், பந்து, கோடு. நான் இடித்த ஆளின் முதுகில் என் தோள் அச்சு விழுந்தது. இழுத்தவன், கட்டிப்பிடித்தவன், சறுக்கி விழுந்தவன் எல்லாரும் ஒருவருக்கொருவர் சாயம் பூசினார்கள். கால் மணி நேரத்தில் மைதானத்தில் இருந்த இருபத்திரண்டு பேரும் ஒரே டீம். அவர்கள் டீமில் பேக் ஆடுகிறவன் எங்கள் முருகேசனைத் தன் ஆள் என்று நினைத்து அழகாகப் பந்தைக் கொடுத்தான். முருகேசன் நன்றி சொல்லாமல் கோல் அடித்தான். அடுத்த நிமிஷம் நானும் அதே மரியாதையை அவர்களுக்குச் செய்தேன். ரெஃப்ரி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சேட்டா, நிங்ஙள் ஏது டீமா?" என்று ஒவ்வொருவரிடமும் விசாரிக்க ஆரம்பித்தார்.

மூன்றுக்கு ஒன்று. தோற்றோம். ஆனால் ஆட்டம் அதோடு முடியவில்லை.

எஸ்டேட் டீமின் கேப்டன் அங்கே சூப்பர்வைசர். ஒருமுறை போடிக்கு அவர் கொண்டுவந்த இரண்டு மூட்டையைச் சல்லடை அண்ணன் எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பியிருந்தார். அவர் இப்போது நிதானமாகக் கோல் போஸ்ட்டுக்கு நடந்து வந்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டார். சல்லடை அண்ணனின் நெஞ்சில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, விரலை மைதானம் முழுக்கத் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

"கலர் சரக்குண்ணே."

மலையே சிரித்தது. எங்கள் ஆட்களில் சிலரும் சிரித்தார்கள். முப்பது வருஷத்துப் பேர், மழையில் கரைந்து அவர் வேட்டி வழியாகச் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆமாம், வேட்டிதான். மடித்துக் கட்டித்தான் கீப்பிங் செய்வார்.

சல்லடை அண்ணன் அந்த விரலைப் பார்த்தார், தன் நெஞ்சைப் பார்த்தார். "கலர்தான் தம்பி. இல்லைங்கல" என்றார். "போட்டோ இல்ல பாரு."

சூப்பர்வைசருக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டிருந்த முருகேசன் போய் அவர் பக்கத்தில் நின்றான். பிறகு ஒவ்வொருவராக நாங்கள் எல்லாரும் போய் நின்றோம். யாரோ போட்டோ எடுத்தார்கள். அதில் சல்லடை அண்ணன் எது, சேறு எது என்று பிரிக்க நல்ல சல்லடை வேண்டும்.

என் பனியனை அம்மா மூன்று தடவை துவைத்தாள். பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. கரித்துணிக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றவளிடமிருந்து பிடுங்கி வைத்திருக்கிறேன். நாங்கள் இன்னும் அந்தப் பனியனில்தான் ஆடுகிறோம். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு டீக்கடைக்குப் போகும்போதும் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். சல்லடை அண்ணன் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்பார்.

எஸ்டேட் டீமின் வெள்ளை ஜெர்சி பதினொன்றும் வீணாகிவிட்டதால் புதிதாக வாங்கிக் கொடுத்தோம். அது இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது. இறங்கி வரும்போது பச்சையான ஜீப்பு சீட்டுக்கு உறை மாற்ற நானூறு. இலவசமாக வந்த ஜெர்சியை வேண்டாம் என்றதற்கு எங்களுக்கு ஆன மொத்தச் செலவு மூவாயிரத்து நூற்றைம்பது ரூபாய். அதிகம் என்று பதினோரு பேரில் ஒருவன்கூடச் சொல்லவில்லை.