வெள்ளைத் துண்டில் வந்த விஷம்

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடந்த கடைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். வந்த வாரமே வாசலில் வரிசை. லிஃப்ட் பழுதானபோது போட்ட கூட்டத்துக்குத் தலைகாட்டாதவர்கள் எல்லாரும் அந்த வரிசையில் பொழுது விடியும் முன்பே நின்றார்கள். வெயில் ஏறும்வரை கட்டிலைவிட்டு இறங்காத பல் டாக்டர்கூட நின்றார். கையில் செய்தித்தாள், முகத்தில் பக்தி.

எதற்காக? வியர்ப்பதற்காக.

ஆமாம், வியர்ப்பதற்காகத்தான். மின்சாரம் போனால் ஊரையே திட்டுகிறவர்கள், ஏ.சி. இல்லாமல் தூக்கம் வராதவர்கள், ஒரு மாடி ஏறினால் சட்டை நனைகிறதே என்று சலித்துக்கொள்கிறவர்கள், இவர்களெல்லாம் காசு கொடுத்து வியர்க்க வந்திருந்தார்கள். வெயிலில் நின்றால் சும்மாவே வியர்க்கும். ஆனால் வெயிலுக்கு முன்பதிவு கிடையாதே! முன்பதிவு இல்லாத பொருளுக்கு என்ன மரியாதை?

கடைக்குள் ஒரு மரப்பெட்டி இருந்தது. ஆள் உட்காரும் உயரம், கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு பலகை. அதற்குப் பெயர் அகச்சிவப்புக் கதிர்ப் பெட்டி. அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததற்கு யார் பணம் தருவார்கள்? அதனால் உள்ளே இரண்டு சிவப்பு பல்புகளும் மாட்டியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கதிரைக் கண்ணாரக் கண்டுவிட்டதாக எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள்.

பெட்டியின் சொந்தக்காரரைக் கதிர் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் செருப்பு. இதற்கு முன்னால் அவர் வேறொரு பேட்டையில் தொப்பை குறைக்கும் பெல்ட் விற்றார் என்று ஒரு பேச்சு உண்டு. தொப்பை குறையவில்லை, அவர்தான் அந்தப் பேட்டையைவிட்டுக் குறைந்தார்.

மாஸ்டருடைய மகிமை பெட்டியில் இல்லை, துண்டில் இருந்தது. பெட்டிக்குள் போகிறவருக்கு அவர் தம் கையால் ஒரு தடித்த வெள்ளைத் துண்டு கொடுப்பார். சலவை மணம் மாறாத துண்டு. அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும். வெளியே வரும்போது துண்டு முழுக்கப் பழுப்புக் கறை. அந்தக் கறையைப் பார்த்தவர்கள் பேயைப் பார்த்ததுபோல ஆனார்கள்.

“இதெல்லாம் உங்க உடம்புல இருந்த விஷம்மா” என்பார் மாஸ்டர். “சாப்பாட்டு விஷம், காத்து விஷம், மாத்திரை விஷம். வருஷக்கணக்கா சேர்ந்தது. என்னைக்குத் துண்டு வெள்ளையா வருதோ, அன்னைக்கு நீங்க பொறந்த குழந்தை.”

“எங்க வீட்டுத் துண்டைக் கொண்டு வரலாமா மாஸ்டர்?” என்று ஒரு முறை யாரோ கேட்டார்கள்.

“வெளித் துண்டுல கதிர் ஏறாது” என்றார் மாஸ்டர்.

 கதிர் ஏறாதாம். சுவரில் ஏறும், பலகையில் ஏறும், தோலுக்குள் புகுந்து ஈரலைத் தொடும். வீட்டுத் துண்டைக் கண்டால் மட்டும் வெட்கப்பட்டு நின்றுவிடும்!

கறையைப் படிப்பதிலும் மாஸ்டர் கெட்டிக்காரர். நடுவில் கறுத்திருந்தால் ஈரல். ஓரத்தில் இருந்தால் மூட்டு. திட்டுத்திட்டாக இருந்தால் மனக்கவலை. யாருக்குத்தான் கவலை இல்லை? எல்லாருக்கும் திட்டுத்திட்டாகவே வந்தது.

எத்தனை முறை உட்கார்ந்தாலும் துண்டு வெளுக்கவில்லை. அதற்கும் மாஸ்டரிடம் வழி இருந்தது. “வாரத்துக்கு ஒரு தடவை வந்தா எப்படிப் போகும்? வீட்டுக்கே ஒரு பெட்டி வாங்கிப் போட்டுடுங்க. தினமும் உட்காருங்க.”

இரண்டாம் மாடி மேனேஜர் வாங்கினார். வீட்டில் தம்முடைய சொந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். துண்டு பளிச்சென்று வெள்ளையாகவே வந்தது! அவர் அதைக் கொடிபோலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினார். பெட்டி வாங்கியதுமே விஷம் பயந்து ஓடிவிட்டது என்று கட்டடமே மெய்சிலிர்த்தது. கடைத் துண்டு வேறு, வீட்டுத் துண்டு வேறு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மேனேஜரின் மனைவி மட்டும் உண்மையான பலனைச் சொன்னார். “மழை நாள்ல துணி நல்லாக் காயுதுங்க.”

மூன்றாம் மாடி டீச்சர் பள்ளியில் கணக்கு எடுப்பவர். பிள்ளைகள் விடையை மட்டும் எழுதினால், “வழி எங்கடா?” என்று கேட்டு மதிப்பெண்ணை வெட்டுவார். மாஸ்டரிடம் மட்டும் அவர் வழி கேட்கவில்லை.

டீச்சருக்கு ரத்தக் கொதிப்பு. போன வருடம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை மரத்து, சுண்ணாம்புக்கட்டி கீழே விழுந்தது. உடனே கொண்டுபோனதால் பிழைத்தார். “மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. விட்டா அடுத்த தடவை இப்படித் தப்ப முடியாது” என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மாஸ்டர் அந்தக் கதையைக் கேட்டார். துண்டைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

“நடுவுல இருக்கு பாருங்க, கறுப்பா. இது அந்த மாத்திரைதான்மா. ஒரு பக்கம் நான் விஷத்தை இறக்குறேன், இன்னொரு பக்கம் நீங்க ஏத்துறீங்க. அப்புறம் துண்டு எப்படி வெளுக்கும்?”

அன்றே டீச்சர் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

அவருடைய கணவருக்கு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? கட்டடத்தில் அவருக்கு ஒரே பெயர்தான்: டீச்சர் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை தூங்குவதில் மன்னன். தொட்டியில் தண்ணீர் தீர்ந்து ஊரே கத்தினாலும் புரண்டு படுப்பார். அப்படிப்பட்டவருக்கு இப்போது தூக்கம் போய்விட்டது.

“இன்னைக்கும் போடலையா?” என்று மாத்திரை அட்டையை நீட்டுவார்.

“ஏங்க, அதை என் கண்ணுல காட்டாதீங்கன்னு சொன்னேன்ல?”

“தலை சுத்துதுன்னு சொன்னியே.”

“விஷம் கிளம்பும்போது சுத்தும். மாஸ்டர் முன்னாடியே சொல்லிட்டாரு.”

“நல்லா இருந்தா பெட்டியால. நல்லா இல்லைன்னாலும் பெட்டியாலயா?”

“நீங்க எதைத்தான் நம்பினீங்க? பேசாமப் படுங்க.”

அவர் படுக்கவில்லை. மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். காலையில் டீச்சர் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தார். பேசும்போது ஒரு வார்த்தை குழறியதைக் கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். டீச்சர் வரமாட்டேன் என்றார். கெஞ்சினார், திட்டினார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மாஸ்டர் ஒரு கூட்டம் கூட்டினார். வீட்டுக்கு ஒரு பெட்டி வேண்டும் என்கிறவர்கள் முன்பணத்தோடு வரலாம். டீச்சர் முதல் ஆளாகப் போய் நின்றார். மாஸ்டர் அவரைக் கனிவோடு பார்த்தார்.

“பெட்டி தர்றேன்மா. ஆனா வீட்டுக்காரர் ஒரு தடவையாவது உட்காரணும். இல்லைன்னா அவர் விஷம் உங்க மேல தாவிடும்.”

“அவரு வரமாட்டாரு மாஸ்டர். அவருக்கு நம்பிக்கையே கிடையாது.”

“வர்றேன்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். டீச்சர் வீட்டுக்காரர்தான்! “ஒரு நிமிஷம் இருங்க, மாத்துத் துணி எடுத்துட்டு வந்துடுறேன்.”

கூட்டம் கை தட்டியது. நாத்திகன் மனம் மாறும் காட்சியைவிட இனிப்பான காட்சி எது? போனவர் ஒரு பெரிய பையோடு வந்தார். அது கொஞ்சம் கனத்தது. பையின் மூலையிலிருந்து ஓரிரு சொட்டு நீர் சொட்டியது. பரவசத்தில் இருந்தவர்கள் தரையைப் பார்ப்பார்களா?

மாஸ்டர் துண்டு கொடுத்தார். பெட்டியைச் சுற்றி ஒரு திரை உண்டு. டீச்சர் வீட்டுக்காரர் திரைக்குள் போனார். கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம், மூடும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, லேசான குறட்டைச் சத்தம்.

“கதிர் வேலை செய்யுது” என்றார் மாஸ்டர் மெதுவாக. “உடம்பு லேசாகுது.”

மணி அடித்தது. டீச்சர் வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். போட்டிருந்த சட்டை கசங்கவில்லை. தலைமுடி கலையவில்லை. கையில் துண்டு. துண்டு பழுப்பு என்றால் பழுப்பு, அப்படியொரு பழுப்பு!

“ஐயோ” என்றார் பல் டாக்டர்.

மாஸ்டர் துண்டை விரித்துப் பிடித்தார். முகத்தில் துக்கம் ததும்பியது.

“சார், மன்னிச்சுக்கங்க, உண்மையைச் சொல்லித்தான் ஆகணும். உங்க ஈரல் கெட்டுப்போச்சு.”

“அடடா. அப்புறம்?”

“நீங்க ராத்திரியெல்லாம் பெரிய பாரத்தைச் சுமக்கிறீங்க.”

“அது நிஜந்தான்.”

“வெளியில மெத்துன்னு இருக்கீங்க. ஆனா உள்ளுக்குள்ள எல்லாம் கட்டிப்போய் அடைஞ்சு கிடக்கு.”

“அதுவும் நிஜந்தான் மாஸ்டர். பழசாகிப்போச்சு, பஞ்சு கட்டி தட்டிடுச்சு.”

“எது?”

டீச்சர் வீட்டுக்காரர் திரையை இழுத்துத் திறந்தார். பிறகு பெட்டியின் கதவையும் திறந்தார். பலகையின்மேல், சிவப்பு வெளிச்சத்தில், சாய்ந்த வாக்கில் உட்கார்ந்திருந்தது ஒரு தலையணை. தண்ணீரில் முக்கியெடுத்த தலையணை. ஆவி பறக்க, மிகவும் நிம்மதியாக இருந்தது.

“இதுதான் உங்க துண்டைச் சுத்திக்கிட்டு உட்கார்ந்துச்சு. நான் பெட்டிக்கு வெளியில, திரைக்குள்ள கிடந்த ஸ்டூல்ல தூங்கிட்டிருந்தேன். இதோட ஈரலுக்கு என்ன வைத்தியம் பண்ணலாம், சொல்லுங்க.”

 முதலில் சுதாரித்தவர் மேனேஜர். பெட்டி வாங்கியவர் அல்லவா? விட்டுவிட முடியுமா?

“இதுல என்ன சார் இருக்கு? எத்தனை வருஷமா அதுல தலை வச்சுப் படுக்கிறீங்க! உங்க விஷம்தான் அதுல இறங்கியிருக்கும்.”

“கரெக்ட்!” என்றார் மாஸ்டர், மூச்சு திரும்பியவராக. “அதேதான்! தலையணை வழியாவே இவர் விஷத்தைக் கதிர் இழுத்திடுச்சு!”

கூட்டம் தலையாட்டியது. அவ்வளவுதான், தலையணை தோற்றது. நம்புகிறவனுக்கு ஓட்டை தெரிந்தால் அவனே ஓடிவந்து அடைத்துக் கொடுப்பான். ஏமாற்றுகிறவனுக்கு அந்த வேலைகூட மிச்சம்.

டீச்சர் வீட்டுக்காரரின் முகம் விழுந்துவிட்டது. அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. மாஸ்டரையும் பார்க்கவில்லை. மனைவியை மட்டும் பார்த்தார்.

“நான் இவங்களுக்காக இதைச் செய்யல. இவங்க எக்கேடும் கெடட்டும். உனக்காகத்தான். அன்னைக்குக் காலையில உனக்கு வார்த்தை குழறுச்சு. எனக்கு பயமா இருக்கு. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது.”

 டீச்சரின் நெற்றி சுருங்கியது. தப்பான கணக்கைக் கரும்பலகையில் பார்க்கும்போது சுருங்குமே, அந்தச் சுருக்கம். மெல்ல நடந்து மேசையருகே போனார். அடுக்கியிருந்த துண்டுகளில் ஒன்றை உருவினார். யாரும் தொடாத துண்டு. யாரும் சுற்றாத துண்டு.

“அம்மா, அதைத் தொடாதீங்க, கதிர் கலைஞ்சிடும்” என்றார் மாஸ்டர்.

“கலையட்டும்.”

மூலையில் கை கழுவும் தொட்டி இருந்தது. டீச்சர் குழாயைத் திறந்து தண்ணீரைத் துண்டின்மேல் விட்டார். பெட்டி இல்லை, கதிர் இல்லை, சிவப்பு பல்பு இல்லை. துண்டு எல்லாருடைய கண் முன்னாலும் பழுப்பாகிக்கொண்டே வந்தது. நடுவில் கறுப்பாக, ஓரத்தில் திட்டுத்திட்டாக. ஈரல், மூட்டு, மனக்கவலை, எல்லாமே குழாயிலிருந்து வந்தன.

“இப்போ யாரோட விஷம் மாஸ்டர்? குழாயோடதா?”

மாஸ்டர் பின்வாசல் பக்கம் பார்த்தார். 

டீச்சர் துண்டின் ஓரத்தைப் பல்லால் கடித்துத் தையலைப் பிரித்தார். அது ஒரு துண்டு இல்லை, இரண்டு மெல்லிய துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. நடுவில் தூவியிருந்த சாயப் பொடி குழம்பாகிக் கையெல்லாம் ஒட்டியது. ஈரம் பட்டால் கசியும், அவ்வளவுதான் அதிசயம். பெட்டி வெறும் சூட்டுப் பெட்டி. அதில் உட்கார்ந்தால் வியர்க்கும். வியர்வையில் தண்ணீரும் உப்பும் இருக்கும். முதுகுக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருக்கும். யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் இதத்துக்கு இவ்வளவு விலை வைக்க முடியாதே. விஷத்துக்குத்தான் வைக்க முடியும்.

அதற்குள் டீச்சருக்குத் தலை சுற்றியது. தொட்டியைப் பிடித்துக்கொண்டார். கணவர் ஓடிவந்து தாங்கினார்.

“மாத்திரை எங்கே இருக்கு?” என்றார் டீச்சர்.

“என் பையிலதான். தினமும் இங்கதான் இருக்கு.”

“குடுங்க.”

“குடுக்கிறேன். ஆனா இதை முழுங்கிட்டு வீட்டுக்குப் போறதெல்லாம் கிடையாது. நேரா ஆஸ்பத்திரிதான்.”

“சரி, கத்தாதீங்க. வர்றேன்.”

பல் டாக்டர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார். அந்தக் காலை முழுவதும் அந்தக் கடையில் நடந்த ஒரே வைத்தியம் அதுதான். நல்ல வேளையாக நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையோடு பேச்சும் போயிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம்.

மாஸ்டர் அந்தக் கலவரத்தில் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தார். மேனேஜர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நேரம் மாஸ்டருக்காக வாதாடிய அதே மேனேஜர்தான். போலீஸ் வரும்வரை பிடியை விடவில்லை. பணம் போன பிறகு வரும் பகுத்தறிவுக்கு எப்போதுமே கை வலு அதிகம்.

மறுநாள் வாசலில் நின்று ஒரு அம்மா ரகசியமாகக் கேட்டார். “இந்தத் துண்டு ஃபிராடுதான், ஒத்துக்கிறேன். ஆனா அடுத்த தெருவுல காந்த மெத்தை ஒண்ணு வந்திருக்காமே, அது நிஜமாவே விஷத்தை எடுக்குமாமே?”

எடுக்கும் அம்மா, எடுக்கும். உங்களிடம் எடுப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறதோ, அதை எடுக்கும். உடம்பில் சேர்ந்த விஷத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள், காது வழியாக உள்ளே போனதைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்படலாம். அதை இறக்கப் பெட்டியும் வேண்டாம், மெத்தையும் வேண்டாம். சொந்தமாக ஒரு நிமிடம் யோசித்தால் போதும். பயப்படாதீர்கள். யோசித்து இதுவரை யாரும் மயங்கி விழுந்ததில்லை.