பற்றற்ற ரசனையும் தணிகைவேலின் மொட்டைத் தலையும்

பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு எங்கள் பக்கத்தில் பதில்கள் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். சமைக்கத் தெரியுமா என்று கேட்டால், “ஆங், தெரியும்ங்க.” பாடத் தெரியுமா என்று கேட்டால் ஒரு சிரிப்பு. பையனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, “நைனா சொன்னா சரிதான்.” இவ்வளவுதான். இதற்குப் படிப்பு எதுவும் வேண்டியதில்லை, படிக்காமல் இருந்தால் இன்னும் விசேஷம். நான் தத்துவத்தில் எம்.ஏ. முடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

தத்துவம் நானாக ஆசைப்பட்டுப் படித்ததல்ல. சென்னையில் பி.காம். கேட்டேன், கிடைக்கவில்லை. வெறுங்கையோடு எங்கள் ஊர் ஆர்.கே.பேட்டைக்குத் திரும்பினால் மானம் போய்விடும் என்று, காலியாக இருந்த தத்துவத்தில் சேர்ந்துவிட்டேன். (தறி நெய்யும் எங்கள் நைனா, அதாவது அப்பா, வெகுநாள் வரைக்கும் அதை ஜோசியம் சம்பந்தப்பட்ட படிப்பு என்றே தறிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.) எம்.ஏ.வில் ஜெர்மன் தத்துவம் வந்தது. அழகு என்றால் என்ன, உன்னதம் என்றால் என்ன என்று ஒரு ஜெர்மானியர் உட்கார்ந்து யோசித்திருந்தார். அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் சிரிப்பை அடக்க முடியாது, ஆகையால் சொல்லவில்லை.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டது இப்படி. மரத்தில் ஒரு மாம்பழம் தொங்குகிறது. தின்ன ஆசைப்பட்டுப் பார்த்தால் அது நாக்கின் விவகாரம். நாலு பேருக்குக் கொடுத்தால் புண்ணியமாயிற்றே என்று பார்த்தால் அது தர்மத்தின் விவகாரம். இரண்டும் இல்லாமல், அந்தப் பழம் நிஜமாகவே அங்கே இருந்தாக வேண்டும் என்ற தவிப்புகூட இல்லாமல், சும்மா பார்க்கும்போதே மனம் நிறைந்தால் அதுதான் அழகைப் பற்றிய சுத்தமான தீர்ப்பு. உன்னதம் வேறு. புயலையும் பெரிய மலையையும் பார்த்தால் முதலில் பயம் வரும், நாம் தூசு என்று தோன்றும். பிறகு, இதற்கும் அடங்காத ஒன்று நமக்குள்ளே இருக்கிறது என்று மனம் நிமிரும். ஆனால் ஒரு நிபந்தனை, பார்க்கிறவர் பத்திரமான இடத்தில் நிற்க வேண்டும்.

இதைப் படித்த பிறகு என்னோடு ஒரே வீட்டில் இருக்க ஒருவராலும் முடியவில்லை. குழம்பு எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டால், “இது நாக்குக்கு இனிமைதான், அழகுன்னு சொல்ல முடியாது” என்பேன்.

“அழகு பார்க்கவாடி கொழம்பு வெச்சேன்? துன்னுட்டு எந்திரி” என்பாள் அம்மா.

அந்தச் சமயத்தில்தான் பாவா இந்த வரனைக் கொண்டுவந்தார். பாவா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். பையன் பெயர் தணிகைவேல், திருத்தணிதான் ஊர். அரக்கோணம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலை. அப்பா இல்லை, அம்மாவுக்கு ஒரே பிள்ளை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் டெங்கு வந்து, சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் பிழைப்பானா மாட்டானா என்று கிடந்திருக்கிறார். பிள்ளை பிழைத்தால் அம்மாவும் பிள்ளையுமாக முடி இறக்குகிறோம் என்று அந்த அம்மா முருகனுக்கு வேண்டிக்கொண்டார். பிழைத்துவிட்டார். வேண்டுதலை முடிக்கிற அன்றைக்கே மலைமேல் கோயிலில் வைத்துப் பெண்ணையும் பார்த்துவிடலாம் என்று ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். கோயிலில் பார்த்தால் யார் வீட்டுக்கும் யாரும் போனதாக ஆகாது. பிடிக்கவில்லை என்றால் சாமி கும்பிட வந்தவர்கள் மாதிரி கலைந்து போய்விடலாம்.

மலைக்குப் போகும் பஸ்ஸில் பாவா எனக்குச் சொன்ன புத்திமதி சுருக்கமானது. “நீ ஒண்ணும் பேசாத. கேட்டா தலைய ஆட்டு. அப்பால எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்.”

பிராகாரத்தில் ஒரு தூண் நிழலில் உட்கார்ந்தோம். எதிரே அவர்கள் இருவரும், பளபளவென்று இரண்டு மொட்டைத் தலைகள், இரண்டிலும் சந்தனம். வெயிலுக்குச் சந்தனம் இளகித் தணிகைவேலின் புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கப் போவதும், பெரியவர்கள் முன்னால் துடைக்கலாமா என்று கையை மடிக்கே இறக்குவதுமாக இருந்தார். காதுகள் இரண்டும் விடைத்துக்கொண்டு நின்றன. ஜுரத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. முகத்தில் மறைத்துக்கொள்ள எதுவுமே மிச்சம் இல்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் காதுகளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இந்த ஆள் கிடைக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்தது. எம்.ஏ. படித்தவள் ஒரு ஜோடிக் காதுக்கு இப்படி விழுவதா என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெட்கம் வந்தால் சிலர் சிரிப்பார்கள், சிலர் நகம் கடிப்பார்கள். நான் தத்துவம் பேசுவேன்.

அவருடைய அம்மா தன் மொட்டைத் தலையைத் தானே தடவிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “மொட்டையா கீறானேன்னு பார்க்காத கண்ணு, முடி வந்துடும். ஆஸ்பத்திரியில இவன் கெடந்த கெடைக்கு, எம்புள்ள இருந்தா போதும், வேற ஒண்ணும் வேணாம்னு வேண்டிகினேன். நீ சொல்லும்மா. இவன உனக்குப் புடிச்சிருக்கா?”

தலையை ஆட்டியிருக்கலாம். கழுத்து நன்றாகத்தான் இருந்தது.

“புடிச்சிருக்குங்கறது வேறங்க, அழகுங்கறது வேற” என்று ஆரம்பித்தேன்.

பாவா இருமினார்.

“புடிச்சிருக்குன்னு சொன்னா அதுல என் ஆசை கலந்துடும். இவர் எனக்கு வேணும், எங்கூடவே இருக்கணும்னு தோணிடும். ஆசை கலந்தா தீர்ப்பு கெட்டுப்போயிடும். நான் அந்த மாதிரி பார்க்கல. பற்றே இல்லாம பார்க்கறேன். இவர் இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.”

பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். படிப்பக்கம் யாரோ காவடியோடு ‘அரோகரா’ என்று கத்தியது மட்டும் கேட்டது. அந்த அம்மாவின் கையிலிருந்த புளியோதரைத் தொன்னை சாய்ந்து சோறு தரையில் கொட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“இன்னாம்மா சொன்ன?” என்றார்.

குரல் ஒரு மாதிரி இருந்ததால், எங்கேயோ தப்பு நடந்துவிட்டது என்பது எனக்கே புரிந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம், எல்லாரும் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். நான் சரி செய்யப் பார்த்தேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இவர அழகுன்னு சொல்ல முடியாது. அதுக்கும் மேல. உன்னதம். இப்ப ஒரு புயல் வருது, எரிமல வெடிக்குது, பார்த்தா மொதல்ல பயமா இருக்கும் இல்லீங்களா? அந்த மாதிரி. ஆனா தூரமா, பத்திரமான எடத்துல நின்னு பார்க்கணும்.”

“வாய மூடு” என்றார் பாவா. அக்காவைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து அவர் என்னை ஒரு சொல் அதட்டியதில்லை. நைனா கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருக்கும் பொம்மைகளில் ஒன்றாகப் போய்விட முடியுமா என்று யோசித்திருப்பார்.

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “சாமி காதுல உழற எடத்துல ஒக்காந்துகினு சொல்லிட்டியேம்மா” என்றார். “எம்புள்ள இல்லாட்டியும் உனக்கு ஒண்ணுதான். எனக்கு அப்படி இல்லமா.” முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து, மழித்த தலையையும் முகத்தையும் சேர்த்து மூடிக்கொண்டு அழுதார். தணிகைவேல் அவரைத் தாங்கிப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தார். அது என்ன பார்வை என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “உன்ன சும்மா வூட்லயே வெச்சிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். நான் போர்வைக்குள் புகுந்துகொண்டு அழுதேன். ஒரு தாயை, அதுவும் பிள்ளையை எமனிடமிருந்து இழுத்துக்கொண்டு வந்த தாயை, சந்நிதிக்குப் பக்கத்தில் வைத்து அழவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் காதுகளும் போயின. ஜெர்மானியர் இதற்கு ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று தேடவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

அந்த வாரக் கடைசியில் போன் வந்தது. பாவாவிடம் கெஞ்சி நம்பர் வாங்கியிருக்கிறார்.

“தணிகைவேல் பேசறேன்ங்க. ஒரே ஒரு சந்தேகம். அந்த எரிமல விஷயம். அது திட்டா, பாராட்டா?”

பாராட்டு என்றேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினேன். மாம்பழத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“எனக்குப் பாதி புரியலங்க” என்றார். “ஆனா ஒண்ணு. ஆஸ்பத்திரியிலருந்து வந்ததுலருந்து எல்லாரும் என்ன பார்த்தா, துன்னியா, ஜொரம் கீதா, உசுரோட கீறியான்னுதான் பார்க்கறாங்க. அம்மாகூட ராத்திரி எந்திரிச்சி மூக்குல கைய வெச்சிப் பார்க்குது. ஆளு எப்படி கீறான்னு ஒருத்தரும் பார்க்கல. நீங்கதான் பார்த்தீங்க. பார்த்துட்டு பயந்துட்டீங்க, அது வேற விஷயம்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “எனக்கு உங்களப் புடிச்சிருக்கு” என்றேன். தீர்ப்பு கெட்டால் கெட்டுப் போகட்டும்.

“அத எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அம்மாகிட்ட சொல்லுங்க.”

பாவாவைக் கையைக் காலைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். நான் மன்னிப்புக் கேட்டதை முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, “எங்கிட்ட கேட்டு இன்னாம்மா ஆவப்போவுது? சாமி கேட்டுகினு இருந்தப்ப சொன்ன சொல்லு. சாமிகிட்டயே போய் மாத்திச் சொல்லு” என்றார். அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்குக் கிருத்திகை. தர்ம தரிசன வரிசையில் முன்னாலும் பின்னாலும் கூட்டம் நெருக்கியது. ஒரு வழியாகச் சந்நிதிக்கு எதிரே வந்ததும் அவர் என் தோளை அழுத்தி நிறுத்தினார். “சொல்லு.”

“அவர் இருக்கணும்” என்று முணுமுணுத்தேன்.

“சத்தமா சொல்லு. இந்தக் கூச்சல்ல சாமிக்கு எப்படிக் கேக்கும்?”

“அவர் இருக்கணும் சாமி! நல்லா இருக்கணும்! எங்கூட இருக்கணும்!” தொண்டை கிழியக் கத்தினேன். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பின்னால் நின்ற ஓர் அம்மாள், “பாவம், இன்னா கஷ்டமோ” என்று தன் விபூதியில் பாதியை எனக்குப் பூசிவிட்டாள். “நகரும்மா, நகரு” என்று எங்களைத் தள்ளினார்கள். வெளியே வந்ததும் அந்த அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டு, “நைனாகிட்ட நாள் பார்க்கச் சொல்லு” என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அத்தை.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. அத்தைக்கு இந்தக் கதை இன்னும் அலுக்கவில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் காபிக்கு முன்னால் இதுதான். சாம்பாரில் உப்பை மறந்தால், “உப்பு இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணாம்மா?” தீபாவளிக்கு இவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தால், “எல்லாரும் தள்ளி நில்லுங்க, எரிமல வருது.” நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். வேறு வழி?

போன ஐப்பசியில் ஒரு நாள் அடைமழை. இவர் சாயங்காலம் வர வேண்டிய மின்சார ரயில் வரவில்லை. தண்டவாளத்தில் தண்ணீர் என்று யாரோ சொன்னார்கள். போன் போட்டால் அணைந்திருந்தது. நானும் அத்தையும் வாசலில் நின்றோம். மலைக்கு மேலே மின்னல் வெட்டிக் கோபுரம் வெள்ளையாகத் தெரிந்து மறைந்தது. இடி விழுந்ததில் ஜன்னல் அதிர்ந்தது. புயல் இருந்தது, மலை இருந்தது, தலைக்கு மேலே கூரையும் இருந்தது. அந்த ஜெர்மானியர் கேட்டதெல்லாம் ஒன்றுவிடாமல் அங்கே இருந்தது. என் மனம் மட்டும் நிமிரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடுவேன், பார்ப்பேன், திரும்பி வருவேன். மறுபடி ஓடுவேன். அத்தை தூணைப் பிடித்தபடி நின்றார். நான் வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பார். அன்றைக்கு அவர் அந்தக் கதையை எடுக்கவே இல்லை.

விளக்கு வைத்த பிறகு, இவர் முழங்கால் வரை சேறோடு நடந்தே வந்து சேர்ந்தார். நான் ஏதோ கேட்கப் போனேன், வாய் கோணிக்கொண்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அத்தை பிள்ளையை உட்கார வைத்துத் துண்டால் தலையை அழுத்தி அழுத்தித் துவட்டினார். துவட்டி முடித்த பிறகுதான் அத்தைக்குப் பழைய பேச்சு திரும்பியது.

“டேய், உன் பொண்டாட்டிய கொஞ்சம் பாரேன். நீ இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணுன்னு சொன்னவ. கையில இன்னும் கொடைய விரிச்சிகினே நிக்கறா, வூட்டுக்குள்ள.”